பங்கில் வராத துண்டு

கடைக்காரப் பெண் கத்திப் பிடியில் அலகை மாட்டிக் காட்டியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் ஒரு அடி பின்னால் போனேன். செம்மஞ்சள் பிடி, அதன் முனையில் மெல்லிய அலகு. மழுங்கினால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டலாம். நீ வாங்கியதும் இதே சாதிதான், மச்சான். பிடித்துப் பார்க்கிறீர்களா என்று அவள் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். பிறகு திரும்ப உள்ளே போனேன். பிறகு திரும்ப வெளியே வந்தேன். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நீ இருந்தால் விட்டிருக்கமாட்டாய். “ஒரு கத்தி வாங்க உனக்கு ஒரு மாசம் வேணும். நீயெல்லாம் எப்பிடியடா கலியாணம் கட்டினனி?” என்று கேட்டிருப்பாய். கேள். கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் இப்போது என் பிரச்சினை.

இந்த முறை கத்தி என் கையில். இத்தனை வருடமும் வேட்டையில் நான் மிருகத்தின் காலைப் பிடித்தேன், வெளிச்சம் பிடித்தேன், தேத்தண்ணீர் ஊற்றினேன். வயிற்றைக் கீறிக் குடல் எடுப்பதும் தோல் உரிப்பதும் நீ. சுடுவது கென். நாம் இருவரும் வேலை செய்த கோழித் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் போர்மனாக இருந்து, ஓய்வு எடுத்த பிறகும் நம்மை விடாத அதே கென். இந்த வருடமும் குலுக்கலில் அவருக்கு மூஸ் மான் சுட அனுமதி விழுந்திருக்கிறது. ஆனால் முழங்கால் போய்விட்டது, குனிய ஏலாது. “கத்தி வேலை உன்னுடையது” என்று போனில் சொல்லிவிட்டு, எனக்குப் பதில் சொல்ல நேரம் தராமல் வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் உன் மனுசி கூப்பிட்டா.

வோபர்னில் உன் வீட்டுக் குசினியில் வைத்துத்தான் கேட்டா. கார்த்திகையில் உன் ஆண்டுப் பூசை வருகிறது. பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. “அவருக்குப் பிடிச்ச இறைச்சியாய் இருக்கவேணும் அண்ணை. கடையில வாங்கிற ஆடு வேண்டாம். நீங்கள் வடக்கால கொண்டு வாறதை நான் காய்ச்சுறன்.” நான் தலையாட்டினேன். பிறகு அவ குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதுதான் என்னை இந்தக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

“கத்தியைப் பார்த்து வாங்குங்கோ. இந்தமுறை ஒருத்தரும் பயமில்லாமல் சாப்பிடவேணும். அவர் கடைசிமட்டும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு போனவர். அந்தக் கத்தித் துண்டு ஆரின்ர வயித்துக்குள்ள போச்சுதோ எண்டு.”

மச்சான், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உண்மை எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியாது. சொல்லாதே என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கியவன் நீ. வாங்கிவிட்டு நீ நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டாய். பொல்லாத ஆள்.

முதல் முறை கென்னோடு காட்டுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் பாயைப் பகிர்ந்துகொண்ட காலம் முடிந்து, ஆளுக்கொரு குடும்பமாகி ஸ்காபரோவுக்கு வந்து நிலைத்த பிறகு. மூஸ் என்றால் ஏதோ கொஞ்சம் பெரிய மான் என்று நினைத்துக்கொண்டு போனோம். கென் சுட்டார். வெடிச்சத்தம் கேட்ட அதே கணத்தில் நீயும் நானும் குப்புற விழுந்து பனிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். சொல்லிவைத்த மாதிரி, இரண்டு பேரும். கென் வந்து பார்த்துவிட்டு, மூஸைச் சுட்டேனா உங்களைச் சுட்டேனா என்று கேட்டார். நீ மூக்கில் பனியோடு எழும்பிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஊரில் பழகியது உடம்பை விட்டுப் போகவில்லை. நாம் இருவரும் ஒருநாளும் துவக்கைத் தொடமாட்டோம் என்று அன்றைக்கே கென்னிடம் சொல்லிவிட்டாய்.

ஆனால் அந்த மிருகத்துக்குக் கிட்டப் போனதும் நீ வேறு ஆளாகிவிட்டாய். குதிரையை விட உயரமான உடம்பு கிடக்கிறது, ஆவி பறக்கிறது. நீ தொப்பியைக் கழற்றினாய். சிலுவை போட்டாய். பிறகு சட்டைக் கையை மடித்தாய். “உயிரை எடுத்தாச்சு. இனி ஒரு துண்டும் வீணாகப்படாது” என்றாய். அது உனக்கு வெறும் சொல் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நான் அதைக் கண்ணால் கண்டேன்.

கென் தனக்கு ஒரு முன்தொடையும் கொம்பும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்குத் தந்துவிடுவார். அந்த மிச்சத்தை உன் கராஜில் பங்கு போடுவது ஒரு திருவிழா. பெரிய பொலித்தீனை விரித்து, வீட்டுக்கு ஒரு குவியல். தொடை எல்லாக் குவியலிலும் கொஞ்சம், விலா கொஞ்சம், நெஞ்சு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம், நல்லி எலும்பு ஒன்று. நீ நின்ற இடத்தில் நின்று, தூரத்தில் இருந்தே துண்டுகளை வீசிக் குவியல்களைச் சமப்படுத்துவாய். “ஒருத்தனுக்குத் தொடை, ஒருத்தனுக்கு எலும்பு எண்டால் அது பங்கில்லை, பகை” என்பாய். அஜின்கோர்ட்டிலிருந்து ஆட்கள் ஏனத்தோடு வந்து நிற்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள் ஊரில் ஆட்டுப் பங்குக்கு நிற்பது போல.

அந்தப் பங்குதான் நம்மை மாட்டிவிட்டது. நினைத்தால் எரிச்சல் வருகிறது.

புதுக்கத்தி வாங்கிய வருடம் நீ குழந்தைப்பிள்ளை மாதிரி. மூஸின் மயிரும் சேறும் எந்தக் கத்தியையும் அரைவழியில் மொட்டையாக்கிவிடும். அதுவரை நீ காட்டுக்குள் குந்தியிருந்து கல்லில் தீட்டித் தீட்டி வெட்டினாய். இதில் தீட்டவே தேவையில்லை என்று என் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்புகளோடு கிடந்த என் பழைய சப்பாத்தின் தோலைக் கீறிக் காட்டினாய். “பார், வெண்ணெய்!” என்றாய். அது பழைய சப்பாத்து இல்லை என்று என் மனுசி பிறகு சொன்னா.

காட்டிலும் முதலில் வெண்ணெய்தான். வயிற்றைத் திறந்தாய், தோல் சேலை அவிழ்கிறது போல வந்தது. பிறகு பின்தொடையைக் கழற்ற இடுப்பு மூட்டுக்குப் போனாய். அங்கே தடித்த கத்தியை எடுத்திருக்கவேண்டும். புதுக்கத்தி தந்த சந்தோசப் புளுகத்தில் அதையே மூட்டுக்குள் விட்டு நெம்பினாய். ‘டக்’ என்றது. அலகு உடைந்து, உன் கை வழுக்கி, காலைப் பிடித்திருந்த மற்றக் கையில் ஒரு கீறல். நீ கையைப் பனிக்குள் குத்தி எடுத்து, காயத்தில் ஒட்டு ரேப்பைச் சுற்றினாய். உடைந்த துண்டு பனியில் மினுங்கியது, பொறுக்கி, பிடியில் மிஞ்சியதோடு தகரப் பெட்டிக்குள் போட்டாய். “எல்லாம் இருக்கு” என்றாய். நானும் பார்த்தேன், எல்லாம் இருந்த மாதிரித்தான் இருந்தது.

பங்கு போட்டு, எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, கராஜில் சாமான்களைக் கழுவும்போதுதான் நீ அந்தத் துண்டுகளைப் புது அலகு ஒன்றின் மேல் பொருத்திப் பார்த்தாய். நுனி இல்லை. வெட்டிய நகத்தளவு. அதற்குமேல் இல்லை. நீ என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கென்னுக்குப் போன் போட்டோம். இடுப்புப் பக்கத்து இறைச்சி எந்தப் பையில் இருக்கிறதோ அதை மட்டும் எறியுங்கள் என்றார். இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள், ஒவ்வொரு காலும் தனித்தனிப் பையில். நாம் அதையெல்லாம் சின்னச் சின்னத் துண்டாக்கி, நீதி நியாயமாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிட்டோமே! அந்த நகத்தளவு இரும்பு எந்த வீட்டுக்கும் போயிருக்கலாம். எந்தப் பிள்ளையின் கோப்பையிலும் விழலாம்.

நீ ஒளிக்கவில்லை. அதற்காகத்தான் உன்னில் எனக்கு மரியாதை. அந்த இடத்திலேயே எல்லோருக்கும் போன் எடுத்தாய். “சமைக்காதேங்கோ. வாறன், வந்து எடுக்கிறன்.” நீ கார் ஓட, உன் மனுசி வாசல் வாசலாக இறங்கிப் பையைத் திருப்பி வாங்கினா. கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பது எப்படி இருந்திருக்கும்! சிலர் அனுதாபப்பட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு அன்ரி மட்டும், “தம்பி, நாங்கள் காய்ச்சிச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டாச்சு” என்றா. அதற்குப் பிறகு நீ நாளும் பொழுதும் அந்த அன்ரிக்குப் போன் எடுத்து, “அன்ரி, வயிறு எப்பிடி?” என்று கேட்டாய். அன்ரியின் வயிறு நம்மெல்லோரையும் விட நன்றாக இருந்தது. கென் மட்டும் தன் பங்கைத் திருப்பித் தரவில்லை. கவனமாகக் கடிக்கிறேன் என்றார்.

தொழிற்சாலையில் கோழிப் பெட்டிகள் போகும் வழியில் உலோகம் காட்டும் மெசின் இருந்ததே, அதில் ஒருதரம் விட்டுப் பார்க்கலாமா என்று மேலாளரிடம் கெஞ்சினாய். காட்டு இறைச்சி உள்ளே வரவே கூடாது என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. கடைசியில் திருப்பி வாங்கிய இறைச்சி முழுவதும் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. உன் தொட்டி நிரம்பி, என் தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுச் சீன அங்கிளின் தொட்டியும் நிரம்பியது. அந்தக் கிழமை உன் தெருவில் குப்பை கிளறும் ரக்கூன்களுக்குக் கலியாண வீடு.

நான் இதைப் பகிடியாகத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். ஆனால் பகிடியில்லை. உன் மனுசி ஒவ்வொரு பையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே அழுதா. போரில் தீவிலிருந்து இடம்பெயர்ந்து, கஞ்சிக்கு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை. ஒரு பருக்கை சோறும் எறியமாட்டா. “வெட்டி வெட்டிப் பாப்பம், கையால தடவிப் பாப்பம்” என்று உன்னிடம் கெஞ்சினா. நீ மாட்டேன் என்றாய். “ஒரு பிள்ளையின்ர தொண்டையில போனால் என்ன செய்வாய்?” என்று அதட்டினாய். அவ கடைசிப் பையோடு உன் செம்மஞ்சள் கத்தியையும் எடுத்துக் குப்பையில் எறிந்துவிட்டு உள்ளே போனா. நீ தடுக்கவில்லை.

பிறகு எத்தனை பிறந்தநாள், எத்தனை கலியாணம்! இறைச்சிக் கறி வந்தால் யாராவது ஒருவன் உன்னைப் பார்த்து, “அண்ணை, பல்லுக்கு ஆபத்தில்லையே?” என்பான். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அவ சிரிக்கமாட்டா.

இனிச் சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தின் முடிவில் உன் இடது பெருவிரலின் அடி வீங்கியது. மாறாத கீறல் என்று நினைத்து எண்ணெய் பூசினாய். நான்தான் பேசி உன்னை அந்த பிளாசாவில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நீ டொக்டரிடம் போய்விட்டு வெளியே வந்தாய், காரில் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தாய். பிறகு சிரிக்கத் தொடங்கினாய். அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை, கார் ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாய்.

“மச்சான், துண்டு இதுக்குள்ள கிடக்கு. பங்கில அது எனக்குத்தான் வந்திருக்கு.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் சிரிப்பு அழுகையாக மாறியதை நான் கவனிக்கவில்லை. “அப்ப அந்த இறைச்சியில ஒண்டும் இல்லை” என்றாய். “ஒரு முழு மிருகத்தைச் சும்மா எறிஞ்சிட்டன். அவள் அழ அழ எறிஞ்சிட்டன்.” பிளாசாவில் சனம் மரக்கறிப் பையோடு போகிறது, வருகிறது. நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாய். துண்டு இறுகிவிட்டது, தொந்தரவு தராவிட்டால் அப்படியே விடலாம் என்று டொக்டர் சொன்னாராம். நீயும் விட்டுவிட்டாய். அதை வெளியே எடுத்தால் அவவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாய்.

“உவளுக்குச் சொல்லிப்போடாதை. அவள் தாங்கமாட்டாள். எல்லாம் சும்மா எறிஞ்சதெண்டு தெரிஞ்சால் என்னை ஒருநாளும் மன்னிக்கமாட்டாள்.”

சரி என்றேன். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் நீ போன பிறகு, நீ கவலையோடு செத்தாய் என்று அவ நினைத்துக்கொண்டிருப்பா என்று நாம் இருவருமே யோசிக்கவில்லையே! உனக்கு இல்லாத ஒரு கவலையை அவ உனக்காகச் சுமந்துகொண்டு திரிகிறா. சொன்னால் எறிந்த இறைச்சி நெஞ்சில் குத்தும். சொல்லாவிட்டால் இது. ஒரு மாதமாக எனக்கு நித்திரை சரியில்லை. இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் இருக்கிறேன். கத்தி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கடை கடையாக அலைந்ததெல்லாம் கத்திக்காக மட்டும் இல்லை.

கத்தியை ஒருவழியாக வாங்கினேன். தீட்ட எனக்குத் தெரியாது, ஆகவே அலகு மாற்றுகிற சாதிதான். நீ அடிக்கடி சொல்வாயே, “கத்தியில பிழையில்லை, நெம்பினது நான்” என்று. அதை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் மெல்லிய அலகை விட்டுவிட்டுத் தடித்ததைப் பார்த்தேன், கையில் வளைத்தால் வளையாதது. அமத்தினால் அலகு கழலுகிற பிடி ஒன்று இருந்தது. மாமிசக் கொழுப்பும் குளிரும் சேர்ந்த விரலால் அலகைப் பிடித்து இழுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அதையே எடுத்தேன். அப்படியும் ஒரு சின்னக் குறடு வாங்கினேன், இறுகினால் பிடிக்க. மூட்டுக்கென்று ஒரே இரும்பால் ஆன தடித்த கத்தி தனியாக. கடைக்காரப் பெண் பெருமூச்சு விட்டுப் பணத்தை வாங்கினாள்.

சனிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய் உன் மனுசியிடம் காட்டினேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவ கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தா. ஒவ்வொன்றாக விளக்கினேன். இது தோலுக்கும் சதைக்கும் மட்டும். மூட்டுக்கு மற்றது. கழற்றிய ஒவ்வொரு அலகையும் அங்கேயே வைத்து முழுதாய் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு காலும் தனிப் பையில் வரும், எல்லாம் சரியென்று தெரிந்த பிறகுதான் கலப்போம். அவ ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தா.

“இவ்வளவும் அண்டைக்கு அவருக்கு விளங்கியிருந்தால், மனுசன் நிம்மதியாய்ப் போயிருக்கும்” என்றா.

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. என்னைப் பேசு, ஏசு, என்ன வேண்டுமானாலும் செய்.

“தங்கச்சி, அந்தத் துண்டு ஒருத்தரின்ர வயித்துக்குள்ளயும் போகேல்லை. அவரின்ர கைக்குள்ளதான் இருந்தது. படம் எடுத்துப் பார்த்தது. அவருக்குத் தெரியும். அவர் அந்த யோசனையோட போகேல்லை.”

அவ போய் அடுப்பை நிறுத்தினா. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

“அப்ப நாங்கள் எறிஞ்ச இறைச்சி?”

“அதாலதான் உங்களுக்குச் சொல்லப் பயந்தவர்.”

ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசவில்லை. வந்து கதிரையில் இருந்தா. கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடினா. நான் வெளிக்கிடுவோமா என்று எழும்பியபோதுதான் கேட்டா.

“எந்தக் கை?”

“இடக்கை. பெருவிரலுக்குக் கீழை.”

அவ தன் கையை விரித்துப் பார்த்தா.

“ஆஸ்பத்திரியில கடைசி நாள் நான் பிடிச்சுக்கொண்டிருந்தது அந்தக் கைதான் அண்ணை. அந்த இடத்தில சின்னத் தடிப்பாய்க் கிடந்தது. வேலை செய்த காய்ப்பெண்டு நினைச்சு நான் தடவிக்கொண்டே இருந்தனான். அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சவர். என்னத்துக்குச் சிரிக்கிறியள் எண்டு கேட்டனான். தலையை ஆட்டினவரே தவிர, சொல்லேல்லை.”

மச்சான், நாளைக்கு விடியக் கென்னும் நானும் வடக்கே வெளிக்கிடுகிறோம். உனக்குத் தந்த வாக்கு இனி என்னிடம் இல்லை. நான் அந்த அறையில் இருக்கவில்லை, நீ சிரித்ததைக் காணவும் இல்லை. ஆனாலும் அவ சொன்ன நேரத்திலிருந்து அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாக்கு இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன்.